ஒளி ஊடுருவுதல், கசிதல், தடைபடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது மெழுகு போல் வெளுத்து உறைந்திருக்கும். பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. அதே பாட்டிலை வெயில் படும் திண்ணையில் வைத்தால், முதலில் ஓரங்கள் உருகிக் கலங்கலாகும். பின்பு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மட்டும் மிதக்கும். சற்று நேரத்தில் அதுவும் கரைந்து, பின்னால் இருக்கும் விரலின் ரேகை வரை தெளிவாகத் தெரியும். சுமார் 24 டிகிரி செல்சியஸ் என்ற எல்லையைத் தாண்டியதைத் தவிர அந்த எண்ணெய்க்கு எதுவும் நேரவில்லை. அதில் எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் எடுக்கப்படவுமில்லை.

ஒரு பொருள் ஒளியை விடுமா, விடாதா என்பதை அது என்ன பொருள் என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் உள்ளமைப்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு தடிமன், எந்த அலைநீளமுள்ள ஒளி என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கீழே உள்ள விடைகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே இங்கு இடம்பெறுகின்றன.

ஒளி ஊடுருவும் பொருள், ஒளி கசியும் பொருள், ஒளி ஊடுருவாப் பொருள் ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பொருளுக்குப் பின்னால் உள்ள ஒன்றின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அது ஒளி ஊடுருவும் பொருள். வெளிச்சம் வருகிறது, ஆனால் உருவம் தெரியவில்லை என்றால் அது ஒளி கசியும் பொருள். வெளிச்சமே வரவில்லை என்றால் அது ஒளி ஊடுருவாப் பொருள்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் திருத்தியாக வேண்டும். ‘ஒளியை முழுவதும் விடுவது, பாதி விடுவது, சிறிதும் விடாதது’ என்று அளவை வைத்தே பல குழந்தைகள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். அது சரியன்று. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி தன்மீது படும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ளே விடுகிறது. ஆயினும் எதிரே வரும் பேருந்தின் தடம் எண்ணை அதன் வழியாகத் தெளிவாகப் படிக்கலாம். ஆகவே அது ஒளி ஊடுருவும் பொருளே. குளியலறைச் சன்னலில் பொருத்தும் சொரசொரப்பான கண்ணாடி அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஆனால் வெளியே நிற்பவர் யார் என்று சொல்ல முடியாது. அது ஒளி கசியும் பொருள். எவ்வளவு ஒளி வருகிறது என்பதைவிட, வரும் ஒளிக்கதிர்கள் தாம் புறப்பட்ட திசையை நினைவில் வைத்திருக்கின்றனவா என்பதே இங்கு முக்கியம். திசை குலையாமல் வந்தால் உருவம் தெரியும். திசை குலைந்து வந்தால் வெறும் வெளிச்சம் மட்டுமே கிடைக்கும்.

ஒளி ஒரு பொருளின் மீது படும்போது என்னென்ன நிகழக்கூடும்?

ஒரு பகுதி மேற்பரப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. உள்ளே நுழைந்ததில் ஒரு பகுதி உட்கவரப்பட்டு, பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. ஒரு பகுதி உள்ளே இருக்கும் சிறு துகள்களிலும் எல்லைகளிலும் மோதித் திசை மாறிச் சிதறுகிறது. எஞ்சியது மறுபக்கம் வெளியேறுகிறது. எல்லாப் பொருள்களிலும் இவை கலந்தே நிகழ்கின்றன. விகிதம் மட்டுமே வேறுபடுகிறது.

மிகத் தெளிவான சன்னல் கண்ணாடிகூட ஒளியை முழுமையாக விடுவதில்லை. செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் முன்பக்கத்திலும், ஏறத்தாழ அதே அளவு பின்பக்கத்திலும் திரும்பிவிடுகிறது. இரவில் விளக்கெரியும் அறையில் நின்று சன்னலைப் பார்த்தால் நம் முகமே தெரிவது இதனால்தான். பகலிலும் அந்த 8 சதவீதம் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளி மிகுதியாக இருப்பதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

கண்ணாடியின் அணுக்களுக்கிடையே இடைவெளி அதிகமாக இருப்பதால்தான் ஒளி புகுந்து செல்கிறதா?

இல்லை. கண்ணாடியின் அணுக்கள் ஒன்றுக்கொன்று ஒரு நானோமீட்டரில் சிறு பின்னமே ஆன இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். சல்லடையில் மணல் விழுவது போல ஒளி இடைவெளிகளில் புகுந்து செல்கிறது என்று எண்ணுவதற்கு இங்கே இடமில்லை.

விடை எலக்ட்ரான்களிடம் இருக்கிறது. ஒரு பொருளின் எலக்ட்ரான், தான் இருக்கும் ஆற்றல் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவுவதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. அந்த அளவு ஆற்றலைக் கொண்டுவரும் ஒளியை மட்டுமே அது விழுங்கும். கண்ணுறு ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளியின் ஒவ்வோர் ஆற்றல் சிப்பமும், சுமார் 1.8 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. தூய சிலிக்காக் கண்ணாடியில் தாவுவதற்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட். பத்து ரூபாய்ப் பயணச்சீட்டுக்கு மூன்று ரூபாயை நீட்டினால் நடத்துநர் வாங்க மாட்டார் அல்லவா, அதைப் போல அந்த ஒளியைக் கண்ணாடியின் எலக்ட்ரான்கள் ஏற்பதில்லை.

உட்கவரவில்லை என்பதால் ஒளி எந்தத் தாக்கமும் இல்லாமல் செல்கிறது என்று பொருளன்று. ஒளியலை எலக்ட்ரான்களைச் சற்றே அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் தாமும் சிறு அலைகளை உண்டாக்குகின்றன. இவை எல்லாம் முதல் அலையோடு கூடி, மெதுவாக நகரும் ஒரே அலையாக முன்செல்கின்றன. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் சுமார் 2,25,000 கிலோமீட்டரும், கண்ணாடியில் சுமார் 2,00,000 கிலோமீட்டரும், வைரத்தில் சுமார் 1,24,000 கிலோமீட்டரும் மட்டுமே செல்கிறது. எத்தனை மடங்கு குறைகிறது என்பதைக் காட்டும் எண்ணே ஒளிவிலகல் எண்: நீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5, வைரத்திற்கு 2.42. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்துவரும் விடைகள் பலவும் எளிதில் விளங்கிவிடும்.

அப்படியானால் கண்ணாடியைப் பொடியாக்கினால் ஏன் வெள்ளையாகிவிடுகிறது?

கற்கண்டும் சர்க்கரையும் ஒரே பொருள். கல் உப்பின் நல்ல படிகம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெளிவாக இருக்கும். தூள் உப்போ வெள்ளை வெளேரென்று இருக்கும். பொடிக்கும்போது வேதியியல் மாற்றம் எதுவும் நிகழவில்லை. புதிதாகத் தோன்றியவை எல்லைகளே. ஒவ்வொரு துகளின் மேற்பரப்பும் காற்றைச் சந்திக்கும் ஓர் எல்லை. ஒவ்வோர் எல்லையிலும் சுமார் 4 சதவீதம் ஒளி திரும்புகிறது. திரும்பாதது வளைந்து செல்கிறது. ஒரு கண்ணாடித் தகட்டில் இரண்டு எல்லைகள்தான் உண்டு. ஒரு கைப்பிடிப் பொடியிலோ ஒளி ஆயிரக்கணக்கான எல்லைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடுகிறது. எந்த நிறமும் விழுங்கப்படாமல் எல்லா நிறங்களும் கலந்து திரும்புவதால் அது வெள்ளையாகத் தெரிகிறது.

ஆகவே வெள்ளை என்பது பல இடங்களில் ஒரு சாயத்தின் நிறமே அன்று. உப்பு, சர்க்கரை, காகிதம், பஞ்சு, அலையின் நுரை ஆகிய எல்லாவற்றின் வெண்மையும், ஒளி ஊடுருவும் பொருள் ஒன்று காற்றுடன் நுணுக்கமாகக் கலந்திருப்பதன் விளைவுதான். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பு எனக்கு இன்றும் சலிக்கவில்லை.

வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஏன் கண்ணாடி போல் ஆகிறது?

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்களின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் காற்றின் எண் 1. எண்களின் இந்த வேறுபாடே ஒளியைச் சிதறடிக்கிறது. எண்ணெய் காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. சமையல் எண்ணெயின் எண் ஏறத்தாழ 1.47. எனவே நாருக்கும் அதைச் சூழ்ந்துள்ளதற்கும் வேறுபாடு அநேகமாக இல்லாமல் போகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஓர் எல்லையில் 4 சதவீதமாக இருந்த எதிரொளிப்பு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டாலும் இதே மாற்றம் நிகழ்கிறது. ஆனால் தண்ணீரின் எண் 1.33 ஆதலால் எதிரொளிப்பு சுமார் 0.4 சதவீதம் வரைதான் குறைகிறது. நனைந்த காகிதத்தைவிட எண்ணெய் பட்ட காகிதம் தெளிவாக இருப்பதும், மழையில் நனைந்த வெள்ளை வேட்டி உடலோடு ஒட்டிய இடங்களில் மட்டும் உள்ளிருப்பதைக் காட்டுவதும் இந்தக் கணக்கின்படியே.

அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தால் எண்ணெய்க் கறை சுற்றுப்புறத்தைவிட இருண்டு தெரியும். சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அதே கறை சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். முன்பக்கம் திரும்ப வேண்டிய ஒளி பின்பக்கம் கடந்து போய்விடுவதே காரணம். காகிதத்தின் இருபுறமும் சமமான வெளிச்சம் விழுந்தால் கறை ஏறக்குறைய மறைந்துவிடும். செருமானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சன் 19ஆம் நூற்றாண்டில் இந்த எண்ணெய்க் கறையைக் கொண்டே இரண்டு விளக்குகளின் ஒளிச்செறிவை ஒப்பிட்டு அளந்தார். மின் அளவிகள் வரும் முன்பு ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இந்த முறையே பயன்பட்டது.

சொரசொரப்பான கண்ணாடியில் செலோடேப் ஒட்டினால் தெளிவாகிவிடுமாமே, உண்மையா?

உண்மைதான். சொரசொரப்பு மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது; கண்ணாடியின் உட்புறம் தெளிவாகவே உள்ளது. டேப்பின் பசை அந்தப் பள்ளங்களை நிரப்பி, அதன் வழவழப்பான வெளிப்புறம் புதிய மேற்பரப்பாகிவிடுகிறது. சொரசொரப்பான பக்கத்தில் ஒட்ட வேண்டும். குளியலறைக்கு இத்தகைய கண்ணாடி போடுபவர்கள் அந்தப் பக்கம் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதை யோசித்துப் பொருத்துவது நல்லது. தண்ணீர் தெறித்தாலும் அது ஓரளவு தெளிந்துவிடும்.

வெங்காயம் வதங்கும்போது கண்ணாடி போல் ஆவதும், முட்டை வேகும்போது வெளுப்பதும் எப்படி? இரண்டும் சூடுதானே?

சமையலறையில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சை வெங்காயத்தின் செல்களுக்கிடையே நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. சூட்டில் செல்கள் தளர்ந்து சாறு கசிகிறது. காற்று வெளியேற, சாறும் எண்ணெயும் அந்த இடத்தை நிரப்புகின்றன. எண்ணெய் பட்ட காகிதத்தின் கதையேதான். ‘கண்ணாடி போல் வரும் வரை வதக்கவும்’ என்று சமையல் குறிப்புகளில் எழுதுகிறவர்கள், தம்மை அறியாமலேயே ஓர் ஒளியியல் அளவுகோலைத் தருகிறார்கள்.

சவ்வரிசி இன்னும் துல்லியமாகக் காட்டும். சேலம் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து உருட்டி எடுக்கப்படும் அந்த மணிகள், நுண்ணிய மாவுத் துகள்களும் இடையிடையே காற்றும் சேர்ந்தவை, ஆகவே வெள்ளை. கொதிநீரில் மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, தம் எல்லைகளை இழந்து, ஒரே கூழாக ஒன்றுகின்றன. எல்லை இல்லாத இடத்தில் சிதறலும் இல்லை. வேகும் மணியை ஒரு கரண்டியில் எடுத்துப் பார்த்தால், வெளிப்புறம் பளிங்கு போலத் தெளிந்திருக்க, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும். நீர் இன்னும் போய்ச் சேராத இடம் அது. அந்தப் புள்ளி மறையும் வரை அடுப்பை அணைக்கக் கூடாது என்பது பாயசம் வைக்கும் எவருக்கும் தெரியும்.

முட்டையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. பச்சை முட்டையின் வெள்ளைக் கருவில் புரதங்கள் தனித்தனியாக நீரில் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியது என்பதால் ஒளி அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்போது, மடிந்திருந்த புரதங்கள் விரிந்து, ஒன்றோடொன்று பின்னி, பெரிய திரள்களாகின்றன. அந்தத் திரள்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவை எட்டியதும் சிதறல் தொடங்குகிறது. வெள்ளைக் கரு உண்மையிலேயே வெள்ளையாகிறது. எனவே ‘சூடு தெளிவாக்கும்’ என்றோ ‘சூடு வெளுக்கச் செய்யும்’ என்றோ விதி எதுவும் இல்லை. சூடு எல்லைகளை அழித்தால் தெளியும். எல்லைகளை உண்டாக்கினால் வெளுக்கும்.

பாலும் மேகமும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தானா?

ஆம். பாலில் கொழுப்புத் துளிகளும் கேசின் புரதத் திரள்களும் மிதக்கின்றன. மேகத்தில் நீர்த்துளிகள் மிதக்கின்றன. துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியனவாக இருந்தால் எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறும். மழைமேகம் கறுத்திருப்பது அழுக்கினால் அன்று. அது தடிமனாக இருப்பதால் மேலிருந்து விழும் ஒளியில் பெரும்பகுதி மேல்பக்கமே திரும்பிவிடுகிறது, அடிப்பக்கம் இருண்டுவிடுகிறது.

துகள்கள் மிகச் சிறியனவாக இருந்தால் நீல நிறம் சிவப்பைவிட மிகுதியாகச் சிதறும். ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, நாலைந்து சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, இருட்டறையில் கைப்பேசியின் விளக்கை ஒரு பக்கம் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் மெல்லிய நீலச் சாயலுடன் இருக்கும். விளக்குக்கு நேரெதிரே பார்த்தால் வெளிச்சம் ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டிருக்கும். பகல் வானமும் அந்தி வானமும் அந்த ஒரு தம்ளரில் தெரியும். பாலை அதிகமாக விட்டால் இரண்டுமே மறைந்து வெறும் வெள்ளைதான் எஞ்சும் என்பதால் சொட்டுச் சொட்டாக விடுவது அவசியம்.

தண்ணீர் ஒளி ஊடுருவும் பொருள் என்றால் கடல் ஏன் நீலமாகவும், ஆழத்தில் இருட்டாகவும் இருக்கிறது?

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பியபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு இதே கேள்வியைக் கேட்டார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்த விளக்கம். ராமன் தன்னிடமிருந்த நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் வான ஒளியை அந்தப் பட்டகத்தைக் கொண்டு ஏறத்தாழ முழுவதுமாக நீக்கிவிட முடியும். நீக்கிய பிறகும் நீலம் குறையவில்லை. இன்னும் ஆழ்ந்தே தெரிந்தது. நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்பதற்கு அதுவே போதுமான சான்றாயிற்று. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த கையோடு ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து தொடர்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவாக முடிந்து, 1930இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது. ஒரு கையடக்கப் பட்டகமும், ஏற்கெனவே சொல்லப்பட்ட விடையில் நிறைவடையாத மனமும் அவரிடம் இருந்தன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அன்று ராமன் தந்த விளக்கம். அதோடு இன்னொரு காரணமும் உண்டு என்று இன்று அறிவோம்: நீர் சிவப்பு ஒளியைச் சிறிதளவு உட்கவர்கிறது. ஒரு தம்ளர் நீரில் அந்த இழப்பு தெரியாது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெருமளவு மங்கிவிடும். எஞ்சும் நீலமே சிதறி மேலே வருகிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே எட்டுவதில்லை. தம்ளரில் ஒளி ஊடுருவும் பொருளாக இருக்கும் அதே நீர், ஆழ்கடலின் அளவில் ஒளி ஊடுருவாப் பொருளாகிவிடுகிறது.

தடிமன் அவ்வளவு முக்கியமா? கண்ணாடிக்கும் இது பொருந்துமா?

சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை முகப்பில் பார்த்தால் நிறமில்லை. அதன் விளிம்பின் வழியாகப் பார்த்தால் கரும்பச்சையாக இருக்கும். மணலோடு வந்து சேர்ந்த சிறிதளவு இரும்பு, நெடுந்தொலைவு செல்லும் ஒளியில் சிவப்பை விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம். முகப்பில் ஒளி கடப்பது 4 மில்லிமீட்டர்; விளிம்பு வழியாகக் கடப்பதோ ஓரடி, இரண்டடி.

இந்த மாசு பிரச்சினையைத் தீர்த்ததால்தான் இன்றைய இணையம் இயங்குகிறது. 1966இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், கண்ணாடி இழையில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடி காரணமன்று, அதிலுள்ள மாசே காரணம் என்று காட்டி, ஒரு கிலோமீட்டருக்குப் பின் 1 சதவீதம் ஒளி எஞ்சினாலே தொலைத்தொடர்புக்குப் போதும் என்று கணக்கிட்டார். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையை எட்டினர். இன்றைய இழையில் அகச்சிவப்பு ஒளி சுமார் 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி எஞ்சியிருக்கிறது. 1 சதவீதத்திற்குக் குறைய 100 கிலோமீட்டர் ஆகிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இழுக்கப்பட்டு 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த வடத்தில், இத்தகைய இழைகளில் இடையிடையே ஒளியைப் பெருக்கிச் செய்திகளை அனுப்புகிறார்கள். காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

உலோகங்கள் மட்டும் ஏன் ஒளியை விடுவதேயில்லை?

உலோகத்தில் எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. ஒளியலை வந்து படும்போது அவை உடனே அசைந்து, உள்ளே செல்லும் அலையை அழித்து, வெளிநோக்கி ஓர் அலையை அனுப்பிவிடுகின்றன. உலோகப் பளபளப்பு அதுவே. ஒளி உள்ளே சில பத்து நானோமீட்டர் தூரம் செல்வதற்குள் மடிந்துவிடுகிறது.

ஆகவே போதிய அளவு மெல்லியதாக உலோகத்தை அடித்தால் ஒளி வெளியே வரவேண்டும், வரத்தான் செய்கிறது. பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு அடிக்கப்பட்ட தங்க ரேக்கை விளக்குக்கு நேராகப் பிடித்தால், அது நீலம் கலந்த பச்சை நிறத்தில் தெரியும்! மஞ்சளும் சிவப்பும் எதிரொளிக்கப்பட்டுவிட்டதால் எஞ்சியது அந்த நிறம். மைக்கேல் ஃபாரடே 1850களில் தங்க ரேக்குகளைக் கொண்டு இதை விரிவாக ஆராய்ந்தார். விண்வெளியில் நடப்பவர்களின் தலைக்கவசத்தில் பூசப்படும் மெல்லிய தங்கப் படலமும் இதே இயல்பையே பயன்படுத்துகிறது: கண்ணுறு ஒளியில் ஒரு பகுதியை விட்டு, வெப்பம் தரும் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது.

ஒளி ஊடுருவும் பொருளுக்கு நிழல் விழுமா?

விழும். எதிரொளிப்பினாலும் உட்கவர்தலினாலும் இழந்த ஒளியின் அளவுக்கு மங்கலான நிழல் விழும். தண்ணீர் நிறைந்த தம்ளரை வெயிலில் வைத்தால், நிழலுக்குள்ளேயே, சுற்றிலும் வெயில் விழும் தரையைவிடப் பிரகாசமான கோடுகளும் தெரியும். ஓரிடத்தில் குறைந்த ஒளி விலகி வேறிடத்தில் குவிந்திருக்கிறது என்பதற்கு அவை சான்று.

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கும் இதே வகைப்பாடு பொருந்துமா?

வகைப்பாடு பொருந்தும், பட்டியல் பொருந்தாது. நம் உடம்பு விடுகின்ற வெப்பக் கதிர்களுக்குச் சன்னல் கண்ணாடி ஒரு சுவர் போன்றது. வெப்பப் படக்கருவியின் முன் கண்ணாடித் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் முகம் மறைந்துவிடும். மெல்லிய கறுப்புப் பாலித்தீன் பையைப் பிடித்தால் அதன் வழியே முகம் தெரியும். அதனால்தான் அக்கருவிகளின் வில்லைகளை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். அதுவோ நம் கண்ணுக்கு உலோகம் போல மின்னும் ஒளி ஊடுருவாப் பொருள். வில்லெம் ரான்ட்ஜன் 1895இல் கண்டறிந்த எக்ஸ் கதிர்களுக்குத் தசை ஊடுருவும் பொருள், எலும்பு பெருமளவு தடுக்கும் பொருள்.

இருட்டில் கைப்பேசி விளக்கின் மேல் விரலை வைத்தால் விரல் சிவந்து ஒளிர்வதும் இவ்வகையே. பச்சையையும் நீலத்தையும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் சிதறிச் சிதறி வெளியே வருகிறது. கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்துசேர்ந்த ஆக்சிமீட்டர் இந்தக் கசிவையே அளக்கிறது. 660 நானோமீட்டர் சிவப்பும், 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பும் விரலைக் கடந்து எவ்வளவு வருகின்றன என்று ஒப்பிட்டு, ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தின் விகிதத்தைச் சொல்கிறது.

உயிருள்ள உடலைத் தெளிவாக்க முடியுமா?

ஓரளவு முடிந்திருக்கிறது. தோல் ஒளியைச் சிதறடிப்பதற்குக் காரணம், நீரும் கொழுப்பும் புரதமும் வெவ்வேறு ஒளிவிலகல் எண்களுடன் கலந்திருப்பதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல், டார்ட்ரசின் என்ற மஞ்சள் உணவு நிறமியின் கரைசலை எலியின் தோலில் தடவி, உள்ளுறுப்புகள் வெளியிலிருந்தே தெரியும்படி செய்தார்கள். நீல ஒளியைப் பலமாக விழுங்கும் அந்த நிறமி, நீரின் ஒளிவிலகல் எண்ணைச் சிவப்பு ஒளிக்கு உயர்த்திக் கொழுப்பின் எண்ணுக்கு அருகில் கொண்டுவருகிறது. கழுவினால் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வடைக் காகிதத்தில் எண்ணெய் செய்ததையே இங்கே நிறமி செய்கிறது. இதை யாரும் தம் மேல் செய்து பார்க்கக் கூடாது. மனிதத் தோல் எலியின் தோலைவிடப் பல மடங்கு தடித்தது என்பதோடு, அதன் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை.

நம் கண் எப்படித் தெளிவாக இருக்கிறது? கண்புரை வந்தால் என்ன ஆகிறது?

கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான கார்னியாவும், அதைச் சூழ்ந்த வெள்ளைப் பகுதியும் பெரும்பாலும் ஒரே புரதத்தால், கொலாஜன் இழைகளால் ஆனவை. கார்னியாவில் அந்த இழைகள் ஒரே பருமனில், சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், அவை சிதறடிக்கும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நேரே செல்லும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளைப் பகுதியில் இழைகள் பருமனும் இடைவெளியும் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. ஒரே நூலில் நெய்த கண்ணாடியும் சுவரும் பக்கத்தில் பக்கத்தில் நம் கண்ணிலேயே இருக்கின்றன.

அதற்குப் பின்னால் இருக்கும் வில்லையில், ஒளியைச் சிதறடிக்கக் கூடும் என்பதால் செல்கள் தம் உட்கருவையே இழந்துவிட்டு, கிரிஸ்டலின் என்ற புரதத்தால் நெருக்கமாக நிரம்பியிருக்கின்றன. உட்கரு இல்லாததால் அந்தப் புரதம் புதுப்பிக்கப்படுவதில்லை. வில்லையின் நடுவில் இருப்பது நாம் பிறப்பதற்கு முன் உருவானது. ஆண்டுகள் செல்லச் செல்ல, புரதங்கள் குலைந்து திரள்கின்றன. முட்டை வெளுப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன; இங்கே அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அதுவே கண்புரை. வெந்த முட்டையைப் பச்சையாக்க முடியாதது போலவே, புரை விழுந்த வில்லையைச் சொட்டு மருந்தால் தெளியவைக்க முடியாது. சொட்டு மருந்தை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெரியவர்களிடம் இதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைப்பதே வழி. போர்விமானங்களின் அக்ரிலிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணில் தைத்த துண்டுகளைக் கண் ஏற்றுக்கொள்வதைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949இல் அதே பொருளால் செய்த வில்லையை முதன்முதலாக நோயாளியின் கண்ணில் பொருத்தினார். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தன் ஆலையில் இந்த வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. அதனால் எளிய மக்களுக்கும் அவை எட்டின.

முதிர்ந்த வில்லை கலங்குவதோடு மஞ்சளாகவும் மாறி, நீல ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. அந்த மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால் புரை உள்ளவர்களுக்கே தெரிவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டைப் பிரித்ததும், ‘சுவரெல்லாம் இவ்வளவு வெள்ளையா, வானம் இவ்வளவு நீலமா’ என்று பலர் கேட்பது அதனால்தான்.